எட்டு சொன்னால் ஐந்து

போன வாரம் அலமாரி மேலிருந்து அம்மாவின் பெட்டி கீழே இறங்கியது. இறக்கிக் கொடுத்தவள் பெரியவள்தான். ஸ்டூல் போட்டு ஏறி, தூசி தட்டி, "இந்தாம்மா" என்று வைத்துவிட்டு நேரே குளியலறைக்குப் போனாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தொடரை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

அதற்குள் மூன்று வாசகிகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். பெரியவளை ஏன் பொறாமைக்காரியாகவே காட்டுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்? அவள் பொறாமைக்காரி. நகை, வீடு, மாப்பிள்ளை என்று ஊர் உலகத்தில் எல்லோரும் படுகிற பொறாமையாக இருந்தால் நானே பூசி மெழுகியிருப்பேன். இவளுக்குத் தலைவலி மேல் பொறாமை. தங்கைக்கு வருகிறதே, தனக்கு வரவில்லையே என்று.

சிரிக்காதீர்கள். கதையை இன்றைக்குத்தான் கையில் எடுக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு ஒற்றைத் தலைவலி, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. சின்னவளுக்குப் பதின்மூன்று வயதில் அதே தலைவலி வந்தது. அதே பக்கம், அதே குமட்டல், வெளிச்சத்தைக் கண்டால் அதே நடுக்கம். "ஐயோ, என் பொண்ணுடி நீ!" என்று அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்போது பெரியவளுக்கு இருபது வயது. கையில் வெந்நீர்ப் பையோடு வாசற்படியில் நின்றிருந்தாள். அப்ப நான் யார் பொண்ணு என்று அவள் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்னமும் அவள் தொண்டையில்தான் நிற்கிறது.

அன்றிலிருந்து அந்த வீட்டின் பின் அறைக்கு இருட்டறை என்று பெயர். யாருக்குத் தலைவலி வந்தாலும் திரையை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தாயும் மகளும் ஒரே கட்டிலில் படுத்துவிடுவார்கள். கதவுக்கு வெளியே பெரியவள். ஐஸ் எடுப்பது, துண்டு நனைப்பது, அழைப்பு மணியின் வயரைக் கழற்றிவிடுவது, பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவுவது எல்லாம் அவள் வேலை. பதினான்கு வருடமாக.

"நீ கல்லுடி. உனக்கு ஒண்ணும் வராது" என்பாள் அம்மா. பெருமையாகத்தான் சொல்வாள். நாளடைவில் அதுவே பேராகிவிட்டது. கல்லு, தண்ணி கொண்டா. கல்லு, அந்த ரேடியோவை நிறுத்து.

இப்போது சின்னவள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபிளாட் பார்த்துவிட்டாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறாளாம். "எங்க ரெண்டு பேர் அவஸ்தை எங்களுக்குத்தான் தெரியும்" என்று அம்மாவும் தலையாட்டிவிட்டாள். இன்றைக்கு மத்தியானம் டாக்டர். சாயங்காலம் ஐந்து மணிக்கு டாக்ஸி. பெட்டி கூடத்தில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றது.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பெரியவள் அதைப் பார்க்காமலே தாண்டிப் போனாள்.

"கல்லு, நோட்டை எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேன்."

"பன்னண்டு மணிக்கு நேரா டாக்டர்கிட்ட வந்துடு. நீ இல்லாம எங்களுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது."

"சாயங்காலத்திலேர்ந்து யார் சொல்லுவாங்களாம்?"

சின்னவள் உள்ளேயிருந்து, "அக்கா, காலங்காத்தால ஆரம்பிக்காதே, ப்ளீஸ்" என்றாள். பெரியவள் படார் என்று சாத்த நினைத்த கதவைப் பழக்க தோஷத்தால் மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அதுவும் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வாரம் முழுக்க அதுதான் விஷயம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் முதல் முறை போனபோது டாக்டர் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். தினமும் எழுத வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கினார்கள், காலையில் சாப்பிட்டார்களா, தலைவலி எப்போது ஆரம்பித்தது, மாத்திரை எப்போது போட்டார்கள், வலி பத்துக்கு எத்தனை. அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் அம்மா வாத்தியார் பாஷையில் மார்க் என்று சொல்லிவிட்டாள். வலியில் கண்ணைத் திறக்க முடியாதவர்கள் எப்படி எழுதுவார்கள்? கல்லு எழுதட்டும் என்று முடிவாயிற்று.

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்திலும் முதல் மார்க் வாங்கியவள் பெரியவள். இந்த ஒரு பரீட்சையில் மட்டும் அவளுக்கு உட்காரவே அனுமதி இல்லை. மற்றவர்கள் வாங்கும் மார்க்கைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டு எழுத வேண்டும்.

இரண்டாவது வாரம் ஒரு நாள். சின்னவள் காலையில் யாருடனோ ஒரு மணி நேரம் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். மத்தியானம் இருட்டறைக்குள் போய்விட்டாள். அம்மாவும் கூடவே போனாள். கதவிடுக்கில் பெரியவள் கேட்டாள்.

"மார்க் எத்தனை?"

"எட்டு."

காலையில் அந்தச் சிரிப்புச் சிரித்தவளுக்கு எட்டா? பெரியவள் பேனா முனையைத் தாளில் வைத்தாள். ஐந்து என்று எழுதினாள்.

அம்மா சின்ன வயதில் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த ஐந்து. பேனாவை ஒரு தடவை எடுக்க வேண்டும். வயிற்றை வளைத்துவிட்டு, எடுத்து, மேலே சின்னதாக ஒரு கோடு. எட்டுக்கு அது கிடையாது. எடுக்காமல் ஒரே ஓட்டம். கோட்டை மறந்துவிட்டு அக்காவும் தங்கையும் எத்தனையோ தடவை குட்டு வாங்கியிருக்கிறார்கள்.

ஐந்து போட்டதில் ஒன்றும் ஆகிவிடவில்லை. அடுத்த தடவையும் எட்டு என்றாள். அடுத்த தடவையும் ஐந்து. ஒன்பது என்றால் ஆறு. அம்மாவின் மார்க்கில் மட்டும் பெரியவள் கை வைக்கவே இல்லை. அம்மாவின் ஏழு ஏழாகத்தான் இருந்தது.

ஆறு வாரத்துக்கு முன் இரண்டாவது முறை போனபோது டாக்டர் நோட்டைப் பார்த்தார். அம்மாவுக்குத் தலைவலியே வராமல் தடுக்கத் தினமும் ஒரு மாத்திரை எழுதினார். சின்னவளின் ஐந்துகளைப் பார்த்துவிட்டு அவளிடம், "உங்களுக்கு இப்போதைக்குத் தினசரி மாத்திரை வேணாம். வலி வந்தா மட்டும் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆறு வாரத்தில் அம்மாவுக்கு வலி பாதியாகக் குறைந்தது. சின்னவளுக்குக் குறையவில்லை. பெரியவளுக்குக் காரணம் தெரியும். அப்புறமும் ஐந்துதான் போட்டாள். இதை எழுத எனக்கே கை கூசுகிறது. ஆனாலும் நடந்ததை மாற்ற முடியுமா?

பெரியவளுக்கு வேலை கண்ணாடிக் கடையில். வருகிறவர்களுக்கு ஃபிரேம் பொருத்திப் பார்ப்பது, மூக்கில் உட்காருகிறதா, காதை அழுத்துகிறதா என்று திருத்திக் கொடுப்பது. கை சுத்தம். அவள் பொருத்தினால் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவாது என்று தேடி வருகிறவர்கள் உண்டு.

இன்றைக்கு அவள் கை ஓடவில்லை. காலையிலிருந்து கொட்டாவி மேல் கொட்டாவி. கழுத்து இறுகிக் கிடந்தது. மேஜை டிராயரில் வாடிக்கையாளர் குழந்தைகளுக்காக வைத்திருந்த சாக்லேட்டில் நான்கை அவளே தின்றுவிட்டாள்.

பின்னால் லென்ஸ் தேய்க்கிற அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, விடிஞ்சதிலேர்ந்து பத்தாவது கொட்டாவி. கடையையே முழுங்கிடுவ போலிருக்கே?"

"கழுத்து பிடிச்சிருக்குண்ணே. கண்ணும் கூசுது. பவர் மாறியிருக்கும்னு நினைக்கிறேன்."

"மறுபடியுமா? மூணு வருஷத்துல நாலு கண்ணாடி மாத்திட்ட. நாலுக்கும் நான்தான் லென்ஸ் தேய்ச்சேன். நாலும் ஒரே பவர்!"

"அப்ப நீங்க தேய்ச்சது சரியில்ல."

"சொல்லுவம்மா, சொல்லுவ" என்று அவர் சிரித்துக்கொண்டே போனார்.

கடையில் ஆள் குறைந்த நேரம் பார்த்து நோட்டைத் திறந்தாள். மூன்று மாதம். சின்னவளுக்கு இருபத்தொரு நாள் தலைவலி. அதில் பதினேழு நாள் ஐந்து. எண்ணிப் பார்த்ததும் முகம் சுட்டது. ஐந்தை எட்டாக்குவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கொஞ்சம் வளைத்து மூடினால் போதும். பேனாவை எடுத்தாள். முதல் ஐந்தின் மேல் முனையை வைத்தாள்.

வைத்தவள் யோசித்தாள். எட்டு என்று பார்த்தால் டாக்டர் என்ன சொல்லுவார்? இந்தப் பெண்ணைத் தனியாக விடாதீர்கள் என்பார். அம்மா கூட இருப்பது நல்லது என்பார். டாக்டரே சொல்லிட்டாரே என்று அம்மா சந்தோஷமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். ஐந்தாக இருந்தால்? ஐந்து மார்க்குக்கு எதற்கு அம்மா, தனியாகவே சமாளிக்கலாமே என்று ஒரு வார்த்தை வராதா? அந்த ஒரு வார்த்தை போதும். பெட்டி திரும்ப அலமாரி மேல் ஏறிவிடும்.

அம்மா வேண்டும் அவளுக்கு. அவ்வளவுதான். முப்பத்து நான்கு வயதில், சொல்ல வெட்கமாக இருந்தாலும், அம்மா வேண்டும்.

பேனாவை மூடி வைத்தாள்.

டாக்டர் அறைக்கு வெளியே மூன்று நாற்காலி. நடுவில் அம்மா. வழக்கம்போல் சின்னவள் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் கறுப்புக் கண்ணாடி. பெரியவள் கடையிலிருந்து பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்ததுதான்.

"அந்த டியூப்லைட் துடிக்குதும்மா."

"ஆமாண்டி, எனக்கும்தான். இந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"அந்த அம்மா போட்டிருக்கிற சென்ட்..."

"சொல்லாதே, நினைச்சாலே குமட்டுது."

இரண்டு பேரும் மெல்லச் சிரித்துக்கொண்டார்கள். பெரியவளும் டியூப்லைட்டைப் பார்த்தாள். அவளுக்கும் அது துடிக்கத்தான் செய்தது. சொன்னால் யார் நம்புவார்கள்?

ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். பத்து வயதில். அம்மா பின் அறையில் படுத்திருந்தபோது, தலையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் வலிக்குதும்மா" என்று போய் நின்றாள். அன்றைக்கு வலிக்கவில்லை, பொய்தான். அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டும், அதற்காகச் சொன்ன பொய். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளின் டிமிக்கியைப் பார்த்த அம்மாவுக்கு ஒரு நொடி போதாதா? "என்கிட்டயே நடிக்கிறியா? போ, போய் விளையாடு" என்று அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வார்த்தையைப் பெரியவள் அம்மா எதிரில் வாயால் சொன்னதே இல்லை.

டாக்டர் குள்ளமான அம்மாள். அறையில் ஒரே ஒரு மேஜை விளக்கு, அதுவும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருப்பார். குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். ஆனால் பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

"அம்மாவுக்கு நல்லா இருக்கு. மாத்திரையைத் தொடரலாம்" என்றார் நோட்டைப் புரட்டிக்கொண்டே. பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் இப்படி வாடிப் போயிருக்கீங்க? வேலைக்கு எத்தனை நாள் லீவு போட்டீங்க?"

"இந்த மாசம் ஆறு நாள் டாக்டர். நான் வீடியோ எடிட்டிங் பண்றேன். ஸ்கிரீனைப் பாக்கவே முடியலை. இன்னும் ஒரு தடவை லீவு கேட்டா வேலையை விட்டே போகச் சொல்லிடுவாங்க."

"அஞ்சு மார்க் வலிக்கு ஆறு நாள் லீவா?"

"அஞ்சா?" சின்னவள் நிமிர்ந்தாள். "எட்டு டாக்டர். சில நாள் ஒம்பது."

"நோட்டுல அஞ்சுன்னுதானே இருக்கு. பாருங்க. அஞ்சு, அஞ்சு, ஆறு, அஞ்சு."

சின்னவள் நோட்டைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா மட்டும் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று பெரியவளின் மனசு அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை.

"நானே குறைச்சுச் சொல்லியிருப்பேன் டாக்டர்" என்றாள் சின்னவள், அக்காவிடமிருந்து கண்ணை எடுக்காமலே. "வலியில என்ன சொல்றோம்னே தெரியாது."

அவள் அங்கேயே நாலு வார்த்தை திட்டியிருந்தால் பெரியவளுக்குத் தேவலை. இது தாங்கமுடியாததாக இருந்தது.

டாக்டர் அதை நம்பினாரோ இல்லையோ, சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். "அப்படின்னா உங்களுக்கும் தினசரி மாத்திரை உண்டு. ஒண்ணரை மாசம் முன்னாடியே கொடுத்திருக்கணும். வலி வந்தா போடுற மாத்திரையை எட்டு வர்ற வரைக்கும் பொறுத்துப் பாத்துட்டுப் போடாதீங்க, ஆரம்பிக்கும்போதே போடுங்க. ஆனா வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல அதைத் தொடக்கூடாது. தொட்டா அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அப்புறம், காலைச் சாப்பாட்டை நீங்க விட்ட அன்னைக்கெல்லாம் வலி வந்திருக்கு, நோட்டே சொல்லுது. சாப்பாடு, தூக்கம் ரெண்டுக்கும் நேரம் தப்பக்கூடாது. லீவு நாள்ல கூட."

"சரி டாக்டர்."

"நோட்டு யார் எழுதுறது?"

"நான்தான்" என்றாள் பெரியவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ரொம்ப ஒழுங்கா எழுதியிருக்கீங்க. ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாங்கன்னு கூட ஒரு நாள் விடலை. ஆனா" டாக்டர் பக்கங்களைத் திருப்பினார், "இடையில ஏழு நாள் சுத்தமா காலி. தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, ஒண்ணுமே எழுதலை. ஊருக்குப் போயிருந்தீங்களா?"

"இல்ல டாக்டர். வீட்லதான் இருந்தேன். அன்னைக்கெல்லாம் எழுத முடியலை."

"ஏன்?"

"கண்ணு சரியாத் தெரியலை."

"அடுத்த நாள் கேட்டு எழுதியிருக்கலாமே?"

"நடந்தப்புறம் கேட்டு எழுதினா அது காப்பி அடிச்ச மாதிரின்னு விட்டுட்டேன்."

காப்பி அடிக்கக்கூடாதாம். ஐந்து போடலாமாம். பெரியவளின் நியாயம் அப்படி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கண்ணு தெரியலைன்னா எப்படி?"

"எழுத்துல பாதி மறைஞ்சிடும். ஓரத்துல பளபளன்னு கோணல் கோணலா ஒரு கோடு வரும். அரை மணி நேரத்துல போயிடும். கண்ணாடி பவர்தான் மாறிடுச்சுன்னு நினைச்சேன். நான் கண்ணாடிக் கடையிலதான் இருக்கேன். நாலு தடவை மாத்திட்டேன்."

"பவர் மாறியிருந்துச்சா?"

"கால் பவர் கூட மாறலை."

"அது போனப்புறம் என்ன ஆகும்?"

"பித்தம் ஏறிடும் டாக்டர். குமட்டும். இந்தப் பக்கம் விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும். வாந்தி எடுத்துட்டு ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டு வேலையைப் பாப்பேன்."

"கை மரத்துப் போகுமா? பேச்சு குழறுமா?"

"அதெல்லாம் இல்ல."

"முந்தின நாள், இல்ல அன்னைக்குக் காலையில, ஏதாவது தெரியுமா? கழுத்து வலி, கொட்டாவி, இனிப்பு தின்னணும்னு வெறி?"

பெரியவள் பையில் கையை விட்டாள். வரும் வழியில் தின்ற ஐந்தாவது சாக்லேட்டின் காகிதம் கையில் தட்டுப்பட்டது.

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கண்ணாடிக் கடைக்காரியே கண்ணாடியை மாத்திக்கிட்டு உக்காந்திருந்தா நான் என்ன செய்யறது? அது பவரும் இல்ல, பித்தமும் இல்லம்மா. உங்க அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் இருக்கிறதுதான் உங்களுக்கும் இருக்கு. உங்களுக்கு முதல்ல கண்ணுல வெளிச்சம் காட்டிட்டு வருது, அவ்வளவுதான் வித்தியாசம். நிறைய பேர் இப்படித்தான் பித்தம், சைனஸ்னு வருஷக்கணக்கா ஓட்டிடுறாங்க. வியாழக்கிழமை வாங்க, முழுசா பரிசோதனை பண்ணிடலாம். அதுவரைக்கும் உங்களுக்குன்னு ஒரு பக்கம் போட்டு எழுதுங்க."

இந்த இடத்தில் பெரியவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும், இல்லையா? வரவில்லை. சந்தோஷம் வந்தது. நெஞ்சு நிறைந்து, அடக்க முடியாமல், வெட்கங்கெட்ட சந்தோஷம். எனக்கும் இருக்கிறது. நானும் அம்மா பெண்தான்.

"ஏண்டி என்கிட்ட சொல்லலை?" அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லியிருக்கலாமே!"

"நீதானேம்மா கல்லுன்னு சொன்னே."

அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியில் இந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். சின்னவளுக்கு இப்போது அம்மாவின் முதுகுதான் தெரிந்தது.

"உனக்குமா?" என்றாள் சின்னவள். அந்த ஒரு வார்த்தையில் பரிதாபம் ஒரு துளி இல்லை. பெரியவளுக்கு அது எந்த ரகக் குரல் என்று நன்றாகத் தெரியும். பதினான்கு வருடம் அவள் தனக்குள்ளேயே கேட்டுப் பழகிய குரல் அல்லவா?

திரும்பி வரும்போது காரின் பின் சீட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். சிக்னலில் நின்றபோது ஒரு கடையின் பெயர்ப் பலகையைப் பெரியவள் படித்துக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு எழுத்தைக் காணோம். கண்ணைக் கசக்கினாள். ஓரத்தில் அந்தக் கோணல் கோடு பளபளக்க ஆரம்பித்தது. அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உன் முகத்துல பாதி இல்லை."

வேறு யாராக இருந்தாலும் அலறியிருப்பார்கள். அம்மா தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவளுக்கு மாட்டினாள். "தம்பி, அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துப்பா" என்றாள் டிரைவரிடம். பெரியவளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "கண்ணை மூடிக்கோடா. வரப்போறது வரட்டும், நான் இருக்கேன்."

அந்தக் குரலை அவள் கதவுக்கு வெளியிலிருந்து மட்டுமே கேட்டிருக்கிறாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அவளை நேரே இருட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரையை இழுத்தாள். கட்டிலில் சின்னவள் படுக்கிற இடம் சுவர் ஓரம். அங்கேதான் பெரியவளைப் படுக்க வைத்தாள். வலி வந்துவிட்டது. வலது பொட்டில் ஆரம்பித்து, கண்ணுக்குப் பின்னால் இறங்கி, பல் வரைக்கும் விண்விண் என்று இடித்தது. பித்தம் என்று நினைத்து இதோடா பாத்திரம் கழுவினாள், இதோடா கண்ணாடி விற்றாள் என்று அம்மா வாய்க்குள்ளேயே புலம்பினாள்.

"குட்டி, ஐஸ் கொண்டா. துண்டுல சுத்திக் கொண்டா" என்றாள் சின்னவளிடம்.

சின்னவளுக்குத் துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாது. அலமாரி அலமாரியாகத் திறந்து பார்த்தாள். ஐஸ் தட்டு கை நழுவிச் சமையலறைத் தரையில் விழுந்து சிதறியது.

"உஷ்! சத்தம் போடாதேடி!" என்றது உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

பதினான்கு வருடத்தில் அந்த உஷ் சின்னவளுக்கு விழுந்தது இதுதான் முதல் தடவை. தரையில் உட்கார்ந்து ஐஸை ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் பொறுக்கினாள்.

ஐந்து மணிக்கு அழைப்பு மணி அலறியது. வயரைக் கழற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? கழற்றுகிறவள் உள்ளே படுத்திருக்கிறாளே. சின்னவள் ஓடிப் போய்க் கதவைத் திறந்து, டாக்ஸிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, வண்டி வந்திருக்கு."

"இவளை இப்படி விட்டுட்டு எப்படிடி வர்றது? நீ போ. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கா?"

"நாளைக்கோ, அப்புறமோ. மெதுவாப் பேசு."

"அந்த ஃபிளாட்டுக்குக் கனமான திரை தைக்கக் கொடுத்தேன்மா. உனக்காகத்தான் கொடுத்தேன்."

அம்மாவின் கை பெரியவளின் நெற்றியில் இருந்தது. சின்னவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசலுக்குப் போய் வண்டியை அனுப்பிவிட்டுத் திரும்பினாள். வரும் வழியில் கூடத்தில் நின்ற பெட்டியில் காலை இடித்துக்கொண்டாள். சத்தம் போடக்கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"குட்டி, நோட்டை எடுத்து எழுதிடு. டாக்டர் சொன்னாரில்ல, இவளுக்கு ஒரு பக்கம்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, அலுப்பில், பெரியவளின் பக்கத்திலேயே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

சின்னவள் நோட்டோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். போனின் வெளிச்சத்தைக் குறைத்துத் தரைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"ரெண்டேகால் இருக்கும்."

"காலையில சாப்பிட்டியா?"

"இல்ல."

"வாந்தி?"

"ஒரு தடவை."

பேனா ஓடும் சத்தம் கேட்டது. பெரியவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அந்த அஞ்செல்லாம் நான்தான்டி போட்டேன்."

"தெரியும்."

"நீ எட்டுன்னுதான் சொன்னே. எனக்குப் பொறாமைடி. அம்மா எப்பவும் உன் பக்கத்துலேயே..." வலியில் மேலே பேச முடியவில்லை. "மன்னிச்சுடுடி."

அம்மாவின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அவள் கை இன்னமும் பெரியவளின் நெற்றியை விடவில்லை.

"மார்க் சொல்லுக்கா. எத்தனை?"

"எட்டு. சத்தியமா எட்டு."

பேனா காகிதத்தைத் தொட்டது. பெரியவளுக்கு அப்போது எந்தச் சத்தமும் பத்து மடங்காகக் கேட்டது. முனை வளைந்து ஓடி நின்றது. எழும்பியது. மறுபடி இறங்கி, மேலே சின்னதாக ஒரு கோடு இழுத்தது.

பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டுதானேடி போட்டே?"

"எட்டுதான்க்கா" என்றாள் சின்னவள், நோட்டை மூடிக்கொண்டே. "பேசாம தூங்கு."